நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது

கொலைக்கதை படிக்கிறவர்களைப் போல சாதுவான மனிதர்களை நான் எங்கும் கண்டதில்லை. எங்கள் வாசகர் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பெண்கள், எல்லோரும் எழுபதை ஒட்டியவர்கள். மாதத்துக்கு ஒரு பிணம், கூடவே எலுமிச்சைக் கேக். கழுத்தை நெரித்தானா விஷம் வைத்தானா என்று பேசிக்கொண்டே இன்னொரு துண்டு கேட்பார்கள். வீட்டில் எலிப்பொறி வைக்கக்கூட மனம் வராதவர்கள்.

ஊர்க் காவல் நிலையத்தில் சார்ஜென்ட் ராவிரி காகிதத்தை என் பக்கம் தள்ளி, "உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க ஆன்ட்டி. அவசரமே இல்ல" என்றார். இங்கே என் வயதுப் பெண்கள் எல்லோருமே அவருக்கு ஆன்ட்டிதான். எழுத்து எனக்குப் பழகிய வேலை, அதனால் முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

என் பெயர் நோலீன் க்ராப். வயது அறுபத்தொன்பது. பிப்பித் திட்டில் இருக்கும் ஒரே வீடு என்னுடையது. ஊருக்கும் எனக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் மணல். கடல் வற்றும்போது அதன்மேல் கார் ஓட்டலாம். ஏறும்போது அது கடல்தான். நீர் முழுதாக வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பு வழி திறக்கும், இரண்டு மணி கழித்து மூடிக்கொள்ளும். குழு எப்போதும் என் வீட்டில்தான் கூடும், ஏனென்றால் மேசை பெரியது. எத்தனை மணிக்கு வரலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று நான் ஒரு சீட்டு எழுதி எல்லோருக்கும் அனுப்புவேன். பதினாறு வருடமாக அந்தச் சீட்டை நம்பித்தான் அவர்கள் மணலில் இறங்குகிறார்கள்.

அந்தக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடையில் விற்கும் அலை அட்டவணையில் வருடம் முழுக்கக் குளிர்கால நேரம்தான் அச்சாகியிருக்கும். செப்டம்பர் கடைசியில் இங்கே கோடை நேரம் என்று நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறோம் அல்லவா, அன்று முதல் அட்டவணையில் ஒரு மணி கூட்டிப் படிக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் பழையபடி பின்னால் போகும். அன்று முதல் கூட்டக் கூடாது. ஆறு மாதம் கூட்டிக் கூட்டிக் கை பழகிவிடுவதால், ஏப்ரல் முதல் வாரத்தில் எவராவது ஒருவர் மணலில் மாட்டிக்கொள்வார். நான் ட்ராக்டரை எடுத்துப்போய் இழுத்து வருவேன். அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இந்தக் கரையில் அந்தத் தவறைச் செய்யாத குடும்பமே இல்லை.

என் நாவலின் கருவே அதுதான். ஒன்பது வருடம் எழுதினேன். கதையில் ஒரு தபால்காரி, கடிகாரம் மாறும் நாளில் வேண்டுமென்றே ஒரு மணி கூட்டிச் சொல்லி ஒருவரை மணலுக்கு அனுப்புகிறாள். ஊரே அதை வழக்கமான தவறு என்று நினைத்து அவளுக்கு ஆறுதல் சொல்கிறது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. நான் வாசித்த எந்தக் கொலைக்கதையிலும் அப்படியொரு ஆயுதம் கிடையாது. என் செலவில் இருநூறு பிரதி அச்சடித்தேன்.

எங்கள் குழுவுக்கு மாதாமாதம், நாட்டிலுள்ள வாசகர் குழுக்களுக்கெல்லாம் பொதுவான தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி புத்தகம் வரும். படித்து முடித்ததும் கருத்துப் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். உள்ளூர் எழுத்தாளரின் புத்தகத்துக்கு ஒரு குழு நல்ல கருத்து எழுதினால் அவர்களே ஐம்பது பிரதி வாங்கிப் பெட்டிகளில் வைத்து நாடு முழுக்கச் சுற்றுக்கு விடுவார்கள். அதற்குத்தான் நான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். மார்ச் மாதக் கூட்டத்தில் என் நாவலை எடுத்துக்கொண்டோம். படிவத்தை நிரப்பும் செயலாளர் க்ளெனிஸ்.

க்ளெனிஸ் எனக்கு முப்பது வருடத் தோழி. கசாப்புக் கடைக்காரரின் விதவை. பெரிய சிரிப்பு, பெரிய கைப்பை, இடுப்பில் மாற்று மூட்டு. என் கணவர் இறந்தபோது பதினோரு ராத்திரி என் வீட்டு சோபாவில் வந்து படுத்தாள். இதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

"நல்லா சுகமா போகுதுடி நோலீன்," என்றாள் அன்றைக்கு. "டீயும் கையுமா உக்காந்தா அலுப்பே தெரியல. ஆனா நாப்பதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சே, தபால்காரிதான்னு."

"எனக்கு முப்பத்தஞ்சுலயே," என்றாள் மெர்ல்.

"அட போடி, அவ முதல்ல வந்து ஸ்டாம்ப் ஒட்டுறப்பவே எனக்குத் தெரியும்," என்றாள் இன்னொருத்தி.

அதற்கப்புறம் ஏலம் போல ஆகிவிட்டது. யார் எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள் என்று ஒவ்வொருத்தியும் குறைத்துக் குறைத்துச் சொன்னாள். நானும் சிரித்தேன். கேக் வெட்டிக் கொடுத்தேன். எப்படிக் கொன்றாள் என்பதைப் பற்றி ஒருத்திகூட ஒரு வார்த்தை பேசவில்லை.

படிவத்தில் க்ளெனிஸ் தன் உருண்டைக் கையெழுத்தில் இப்படி எழுதினாள்: "எளிதில் யூகித்துவிடலாம். ஆனால் அலட்டலில்லாத, சுகமான வாசிப்பு. மழை நாளுக்கு ஏற்றது. ஐந்துக்கு இரண்டரை." இரண்டே வாரத்தில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. என் புத்தகத்தை இப்போதைக்குச் சேர்க்க இயலாதாம். கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. மிச்சம் நூற்று எழுபது பிரதி படுக்கையறையில் சுவரோரமாக அடுக்கியிருந்தது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் கட்டிலுக்குப் போக வேண்டும்.

அதற்காகக் கோபப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் எனக்கு வராது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. க்ளெனிஸ் அந்தப் புத்தகத்தைக் கடைசிவரை படித்தாளா? நாற்பதாம் பக்கத்தில் தெரிந்துவிட்டது என்று மூடி வைத்துவிட்டால், கொலை எப்படி நடந்தது என்பது இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் அல்லவா வருகிறது. அதைத் தெரிந்துகொள்ள நான் நினைத்தது நியாயம்தானே.

ஏப்ரல் கூட்டம் முதல் ஞாயிற்றுக்கிழமை அமைந்தது. தேதியைக் குறித்தவள் மெர்ல், நான் அல்ல. அட்டவணையில் கடல் வற்றும் நேரம் மதியம் இரண்டு பத்து. வழி மூடுவது நான்கு பத்துக்கு. நான் ஒரு மணி கூட்டி, ஐந்து பத்துக்குள் திரும்பவும் என்று சீட்டில் எழுதினேன். மற்றவர்களுக்கு ஆபத்தில்லை. அவர்கள் எப்போதும் மூன்றே முக்காலுக்கு வரிசையாகக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு, புத்தகத்துக்கு ஆகக் குறைந்த மதிப்பெண் போடுகிறவள் இருந்து கோப்பைகளைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். விளையாட்டாக வைத்த விதி. பதினாறு வருடத்தில் பெரும்பாலும் கழுவியது க்ளெனிஸ்தான். அன்றைய புத்தகம் என்னவென்றுகூட எனக்கு ஞாபகமில்லை, அதற்கும் இரண்டு போட்டாள்.

புத்தகத்தைப் படித்திருந்தால் சீட்டைப் பார்த்ததுமே அவளுக்குப் பொறி தட்டியிருக்கும். "ஏய், இது உன் தபால்காரி பண்ற வேலையாச்சே" என்று சிரித்திருப்பாள். அந்த ஒரு வாக்கியம் வந்திருந்தால் நான் சரியான நேரத்தைச் சொல்லியிருப்பேன். அவள் கையில் முழுச் சந்தர்ப்பமும் கொடுத்தேன் என்றுதான் சொல்கிறேன்.

அவள் கழுவினாள், நான் துடைத்தேன். மகன் ஆக்லாந்திலிருந்து வருகிறான், கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பை ஃபீஜோவா பழம் பறித்துத் தருகிறாயா என்று கேட்டாள். பறித்துக் கொடுத்தேன். வாசலில் நின்று கோட்டை மாட்டிக்கொண்டபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால்.

"இன்னிக்குத்தானே நேரம் மாறிச்சு?" என்றாள். "சீட்டுல கூட்டிப் போட்டுடலியே நீ?"

"எல்லாம் பார்த்துட்டேன்," என்றேன்.

"அதான, நீ பார்க்காமயா இருப்ப." என் கன்னத்தில் ஈரக் கையால் தட்டினாள். "புத்தகமே எழுதினவ."

எதேச்சையாகக் கேட்டிருப்பாள். ஏப்ரல் மாதத்தில் இங்கே எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி அது. நாவலைப் படித்தவள் கேட்கும் கேள்வி அல்ல. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

மணலில் இரண்டு கால்வாய்கள் உண்டு, நடுவில் ஒரு மேடு. என் பக்கத்துக் கால்வாயில் அப்போது நீர் கணுக்கால் அளவுதான், கடந்துவிட்டாள். ஊர்ப் பக்கத்துக் கால்வாய் ஏற்கெனவே நிறைந்திருந்தது. அதைப் பார்த்து நிறுத்தி, வண்டியைத் திருப்புவதற்குள் பின்னால் இருந்ததும் நிறைந்துவிட்டது. சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவளால் நீந்த முடியாது, அந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது. அங்கே செல்போன் எடுக்காது. அதனால் ஹார்ன் அடித்தாள். முதலில் விட்டுவிட்டு, பிறகு விடாமல். நான் ட்ராக்டரை எடுத்துப் போய் இழுத்துவர பத்து நிமிடம் போதும். சாவி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. நான் மிச்சமிருந்த கோப்பைகளைத் துடைத்து அடுக்கினேன். தட்டுகளையும் துடைத்தேன். ஐந்து மணி பதினெட்டு நிமிடத்துக்கு ஹார்ன் நின்றது. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மேடு மறைய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்தக் கடைசி நேரத்தில் அவளைத் தனியாக விடக் கூடாது என்று தோன்றியது.

மறுநாள் ராவிரி வந்தபோது, ஒரு மணி கூட்டிவிட்டேன் என்று அழுதேன். விருந்தாளிகள் போனதும் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன், எதுவும் கேட்கவில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார். குழுவினர் முறை வைத்துக்கொண்டு சூப்பும் கேக்கும் கொண்டுவந்தார்கள். மெர்ல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் நடக்கிறதுதானேடி" என்றாள். என் நாவலின் இருநூற்று இருபதாம் பக்கத்தில் தபால்காரியிடம் சொல்லப்படும் வாக்கியம் கிட்டத்தட்ட அதேதான். அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. முப்பத்தைந்தாம் பக்கத்தில் கண்டுபிடித்தவர்கள், ஸ்டாம்ப் ஒட்டும்போதே கண்டுபிடித்தவர்கள், எல்லோரும் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். அச்சடித்துக் கையில் கொடுத்த கதை அவர்கள் கண் முன்னால் நடந்திருக்கிறது, ஒருத்திக்கும் தெரியவில்லை. யூகித்துவிடலாமாம். நினைக்க நினைக்க எனக்கு வாயெல்லாம் கசந்தது. கேட்க ஒரு ஆள் வருவார் என்று தினமும் கடல் வற்றும் நேரத்தில் ஜன்னலில் நின்றேன். எவரும் வரவில்லை. இன்று காலை மணலைக் கடந்து நானே வந்தேன். இதுதான் முழு வாக்குமூலம். க்ளெனிஸைக் கொன்றது நான்.

மேலே உள்ளதை ராவிரி பொறுமையாகப் படித்தார். அவர் முகத்தில் வியப்பு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடைசித் தாளை மற்றவற்றின்மேல் வைத்துத் தட்டி நேராக்கினார்.

"மெர்ல் ஆன்ட்டி போன் பண்ணினத எழுதாம விட்டுட்டீங்களே," என்றார்.

என்ன போன் என்றேன்.

"அன்னிக்கு அஞ்சு மணிக்கு. கேக் டப்பாவ விட்டுட்டுப் போனதுக்கு. பத்து நிமிஷம் பேசியிருக்கீங்க. பின்னாடி ஹார்ன் சத்தம் கேட்டு என்னடின்னு கேட்டாங்களாம், டிவின்னு சொன்னீங்களாம். திங்கக்கிழமை நான் உங்க வீட்டுலேர்ந்து திரும்பறதுக்குள்ள அஞ்சு பேரும் இங்க வந்து உக்காந்திருந்தாங்க, ஆளுக்கொரு புத்தகத்தோட. இருநூத்திப் பத்தாம் பக்கத்த மடிச்சு வெச்சிருந்தாங்க."

மேலிடத்தில் போன் பேச்சை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ட்ராக்டர் ஓடாமல் நின்றிருக்கலாம், கிழவிக்கு நேரம் குழம்பியிருக்கலாம் என்று வக்கீல் சொல்லுவாராம். அதனால் காத்திருந்தார்களாம்.

"யாரும் கண்டுக்கலன்னா அவளுக்குப் பொறுக்காது, குளிர் முத்தறதுக்குள்ள அவளே வந்துருவான்னு மெர்ல் ஆன்ட்டிதான் சொன்னாங்க. அதுவரைக்கும் சூப் குடுத்துக்கிட்டு இருப்போம்னாங்க. அந்த வீட்டுல உக்காந்து சாப்பிட அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க." தாள்களுக்குக் கிளிப் மாட்டினார். பிறகு, "க்ளெனிஸ் ஆன்ட்டியோட பிரதியையும் அவங்க பையன் குடுத்தாரு. கடைசிப் பக்கம் வரைக்கும் பென்சில் கோடு போட்டிருக்காங்க" என்றார்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். எழுதுகிறவள் நேர்மையாக இருக்க வேண்டும். நடந்து முடிந்த பிறகு எனக்கு முதலிலேயே தெரியும் என்று சொல்வது அந்தக் குழுவின் பழக்கம், அதை மார்ச் மாதமே பார்த்துவிட்டேன். ஆகவே கையெழுத்துக்கு மேலே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானாக வந்து சொன்னேன்.