சட்டைக்கேற்ற அணி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். இத்தனை பேர் வந்துபோகும் விசாரணை அலுவலகத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள். பரவாயில்லை, நான் அசையாமல் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

முதலில் தலைவரை விட்டுவிடுங்கள். தேர்வுக் குழுத் தலைவர் தன் மருமகனை உலகப் போட்டிக்கான ரக்பி அணியில் சொருகிவிட்டார், நூற்றுப் பதினெட்டுக்குப் பூஜ்யம் என்று நாம் தோற்றதற்கு அதுதான் காரணம் என்று ஊரே பேசுகிறது. பாவம், அந்த மனிதர் பச்சைத் தண்ணீரைக்கூட ஆற வைத்துக் குடிப்பவர். அவர் மருமகன் தகுதியின் பேரில்தான் தேர்வானார். அவருக்கு மார்பு ஐம்பத்து நாலு அங்குலம். அந்தத் தகுதியை நிர்ணயித்தவன் நான்.

சங்கத்தின் சாமான் அறை இருபத்தாறு வருஷமாக என் பொறுப்பில் இருக்கிறது. பந்துக்குக் காற்றடிப்பது, சட்டை தருவிப்பது, தேர்வுக்கு வருகிறவர்களை நாடா பிடித்து அளந்து பதிவேட்டில் எழுதுவது, தேர்வுக் குழு கூடும்போது ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பது எல்லாம் நான்தான். இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு பிழை நடந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. வேறு யாரும் சொல்லாததால் நானே அடிக்கடி சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உங்களுக்கு ரக்பி தெரியாது என்பது முகத்திலேயே தெரிகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். இந்த ஆட்டத்தில் முதுகில் இருக்கும் எண் ஆளுக்குச் சொந்தமில்லை, அவன் நிற்கும் இடத்துக்குச் சொந்தம். ஒன்று முதல் எட்டு வரை முன்னால் நின்று முட்டுகிறவர்கள். தோளோடு தோள் கோத்துக் குனிந்து எதிரணியின் எட்டுப் பேரை முட்டித் தள்ளுவார்கள், அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அதற்கு ஆள் மலை மாதிரி வேண்டும். ஒன்பது முதல் பதினைந்து வரை பின்னால் நின்று பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். அவர்கள் ஒல்லியாக, காற்றாய்ப் பறக்க வேண்டும். எண்ணை மாற்றிப் போட்டால் நடுவர் விடமாட்டார்.

சட்டை தைக்கும் நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியது. எண்ணுக்கு இரண்டு சட்டை, ஆக முப்பது. எண்களை அவர்களே அச்சிட்டிருந்தார்கள். அளவை மட்டும் நான் நிரப்ப வேண்டும். நான் மேலிருந்து தொடங்கி, பெரியதில் ஆரம்பித்துச் சிறியதில் முடித்தேன். அவர்களோ பதினைந்தை உச்சியில் போட்டு ஒன்றை அடியில் போட்டிருந்தார்கள். உலகத்தில் தாய் வயிற்றில் பிறந்த எவனாவது பதினைந்திலிருந்து எண்ண ஆரம்பிப்பானா? இதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். படிவத்தின் குணக்கேடு.

தேர்வுக்கு நாலு வாரம் முன்பு பெட்டிகள் வந்தன. ஒன்றாம் எண் சட்டையை விரித்துப் பார்த்தேன். என் மனைவிக்குக் கச்சிதமாக இருக்கும் போலிருந்தது. பதினைந்தாம் எண்ணுக்குள் நானும் என் மனைவியும் சேர்ந்தே நுழைந்துவிடலாம். அன்றைய தபாலில் நிறுவனத்தின் கடிதமும் வந்திருந்தது. அளவுகள் தலைகீழாக இருப்பதாக எங்கள் தையல்காரர் சந்தேகப்படுகிறார், ‘தவறு எங்களுடையது’ என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுப் பத்து நாளுக்குள் அனுப்பினால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. “மாத்தித் தர்றேன்னு அவனே சொல்றான். ஒரு வரி எழுதிப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க” என்றாள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அவளுக்கு எங்கள் தட்டச்சு அம்மாவைத் தெரியாது. என் மேசைக்கு நேர் எதிர் மேசை. ஆறு வருஷத்துக்கு முன் அந்தம்மா ஓர் அழைப்பிதழில் தேதியைத் தவறாக அடித்துவிட்டார். சிறப்பு விருந்தினர் இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் வந்து, கழுத்தில் மாலை போட்டுக்கொள்ள நின்றார். “யானைக்கும் அடி சறுக்கும் சார்” என்று அந்தம்மா அழாக்குறையாகச் சொன்னார். சறுக்காத யானையும் இருக்கிறது என்று சொல்லி, அந்த அழைப்பிதழை எல்லோருக்கும் பாடமாக இருக்கட்டும் என்று அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். மஞ்சளாகிப் போனதும் நகலெடுத்து மறுபடி குத்தினேன். இன்றும் இருக்கிறது. அந்தம்மா அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சங்கத்திலிருந்து போகும் கடிதம் எதுவானாலும் அந்தம்மாதான் தட்டச்சு செய்ய வேண்டும். நான் அவர் எதிரில் போய் நின்று, ‘தவறு எங்களுடையது’ என்று சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். கையால் எழுதியிருக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள். அலுவலகக் கடிதத்தைக் கையால் எழுதுவது முறையில்லை.

ஆகவே, ஆளுக்கேற்ற சட்டை இல்லையென்றால் சட்டைக்கேற்ற ஆளைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். இதில் மோசடி எங்கே வருகிறது? நான் பதிவேட்டில் ஓர் அங்குலம்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

பயிற்சியாளர் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போடுவதில் அவருக்குக் கொள்ளை ஆசை. தேநீர் கொண்டு வைக்கும் சாக்கில் கேட்டேன், முன்னால் வேகம், பின்னால் கனம் என்று இதுவரை எந்த நாடும் ஆடிப் பார்த்ததில்லையா என்று. சிரித்தார். மறுநாள் பலகை நிறைய அம்பு. நாலாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தான் கண்டுபிடித்த புது முறையை எனக்கு விளக்கினார். நான் வாயைப் பிளந்து கேட்டேன். ஊசி இடம் கொடுத்தால்தானே நூல் நுழையும்?

தலைவரிடம், உலகமே இனி இப்படித்தான் ஆடப் போகிறதாம், பயிற்சியாளர் உங்களை நம்பித்தான் இருக்கிறார் என்றேன். பயிற்சியாளரிடம், தலைவருக்கு உங்கள் முறை மிகவும் பிடித்துவிட்டது என்றேன். இரண்டும் நான் சொன்ன கணத்திலிருந்து உண்மையாகிவிட்டன. குழுவின் மூன்றாமவர் பழைய கேப்டன். “குருவி தலையில பனங்காய வைக்கிறீங்க. பையனுங்க கழுத்து முறியும்” என்றார். அவர் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் அழகாகப் பதிவு செய்தேன். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுப்போனார்.

இனி அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். நம் நாட்டில் அவனைப் போல முட்டுகிறவன் இன்னொருவன் இல்லை. அவனை நகர்த்த முடியாது, அதனால்தான் அந்தப் பெயர். வயது முப்பத்து நாலு. நாலு வருஷத்துக்கு ஒரு முறை வரும் இந்தப் போட்டி அவனுக்கு இரண்டு முறை தட்டிப்போயிருந்தது. ஒரு தடவை முழங்கால், ஒரு தடவை விமானம் ஏறுகிற அன்று அவன் அப்பா இறந்துபோனார். இதுதான் கடைசி வாய்ப்பு. கிடங்கில் விடுப்பு சொல்லி, பெட்டிகூட வாங்கிவிட்டான். அவன் வழக்கமாகப் போடும் மூன்றாம் எண் சட்டைக்குள் இப்போது அவன் ஒரு தொடையைத்தான் நுழைக்க முடியும். அளந்து முடித்து, உனக்குப் பதினைந்து என்றேன்.

“பதினஞ்சாண்ணே? அது ஓடுறவன் இடமாச்சே.”

இடம் கிடைக்கிறதே என்று பார், இந்த வயதுக்கு மேல் இன்னொரு முறை வராது என்று நான் நல்லவிதமாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். அவன் குலுங்கக் குலுங்க பெஞ்சும் சேர்ந்து முனகியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“நான் பின்னாடி நின்னா நாம தோத்துடுவோம்ணே. எனக்காக நாடு தோக்க வேணாம். பேரை அடிச்சுடுங்க.”

அளவுகோல் வைத்து நேராக அடித்தேன். அன்று முதல் அவன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. தன் குறையை ஒரு மனிதன் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

காலியான பதினைந்தாம் எண் சட்டைக்குத்தான் தலைவரின் மருமகன் வந்தார். சோபா விற்பவர். கல்லூரியில் ரக்பி ஆடியதாகச் சொன்னார். விசாரித்ததில் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில் பிடித்தவர். ஆனால் சட்டை அவருக்கென்றே தைத்தது போல் உட்கார்ந்தது. ஒன்றாம் எண்ணுக்கு, நாட்டிலேயே வேகமாக ஓடும் பையன், கொக்கு என்று கூப்பிடுவோம். அவனுக்கு முட்டத் தெரியாது. அலமாரி யாரும் கேட்காமலே மூன்று வாரம் வேலை முடிந்ததும் மைதானத்துக்கு வந்து, கழுத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், எப்படி விழ வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். போட்டிக்குப் போகிறவனைவிட அக்கறையாகச் சொல்லிக் கொடுத்தான்.

ஆட்டங்களை நீங்களே தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரம் கோத்ததும் நம் எட்டுப் பேரும் பின்னோக்கிப் போனார்கள். வேகமானவர்கள் என்பதால் பின்னோக்கியும் வேகமாகவே போனார்கள். மருமகன் கையில் மூன்று ஆட்டத்தில் ஒரே முறை பந்து வந்தது. சாலையைக் கடக்கிறவர் போல இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அருகில் வந்த எதிரணிக்காரரிடம் கொடுத்துவிட்டார். பதற்றத்தில் யாருக்கும் வருவதுதான்.

மூன்றாம் ஆட்டத்தில் கொக்குக்குக் காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் நர்ஸம்மா சட்டையை வெட்டக் கத்தரிக்கோலோடு வந்தார். நான் குறுக்கே நின்று தடுத்துவிட்டேன். சங்கத்தின் சொத்து அது. கையைத் தூக்கச் சொல்லித் தலைவழியாக நானே கழற்றினேன். கொஞ்சம் சத்தம் போட்டான். இரண்டு மாடி தாண்டிக் கேட்டது என்றார்கள், கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அலமாரி நின்றிருந்தான். கொக்கின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு என்னிடம் வந்து, சட்டையை மாற்றித் தருவதாகத் தைத்தவர்களே எழுதியிருந்தார்களாமே, நிஜமா என்று கேட்டான். அலுவலக நடைமுறை என்று ஒன்று இருக்கிறதப்பா என்று ஆரம்பித்தேன். அவன் முடிக்க விடவில்லை.

“நாட்டுக்காகத்தான் பேரை அடிக்கச் சொன்னேன்னு நெனச்சுட்டு இருந்தேன்ணே” என்றான். அவ்வளவுதான். போய்விட்டான். அவன் மனது கஷ்டப்பட்டது எனக்குப் புரியாமல் இல்லை.

இது என்ன தாள்? காட்டுங்கள்.

எங்கள் சங்கத்தின் கடிதத்தாள்தான். தேதி, பெட்டிகள் வந்த அதே நாள். ‘தவறு எங்களுடையது.’ கீழே என் பெயர், என் பதவி, கையெழுத்துக்கு இடம். அந்தம்மாவின் மேசை இழுப்பறையில் இருந்ததா? தபாலைப் பிரித்து வைக்கிறவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும்; பிரிக்கிறவர் படிப்பார் என்று நான் நினைக்கவில்லை. பத்து நாளும் நான் வந்து கேட்பேன் என்று காத்திருந்தாராமா? கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரா?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை, யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆனால் இதையும் விடாமல் எழுத வேண்டும். மற்ற நாட்டு அணிகளின் சட்டைகளை நான் சலவை அறையில் பார்த்தேன். காலர் கிழிந்து, கை பிய்ந்து, கந்தல் மூட்டை. நம் சட்டை முப்பது போனது, முப்பதும் திரும்பி வந்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. பாதிச் சட்டைகளைத் துவைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அளவில் பிழை என்று இதற்கு மேலும் யார் சொல்ல முடியும்?