முப்பத்தொரு சுளை

மரம் எத்தினை எண்டு கேளுங்கோ பிள்ளை. ஒண்டுமில்லை. அடிவாரத்திலை இருந்து உச்சி மட்டும் பாத்துக்கொண்டு போனனான், ஒண்டு கூட இல்லை. புல்லும் இல்லை. கல்லு, மண், பிறகும் கல்லு. அதுக்குப் பேர் மலையாம்... இதைப் பாக்கவோ ஒஸ்லோவிலை இருந்து ஆறு மணித்தியாலம் பறந்து போறது?

இருங்கோ இருங்கோ, நான் தள்ளி இருக்கிறன். உங்கடை பையிலை தமிழ்ப் பள்ளிக்கூடப் பேர் கிடக்கு, அதுதான் கதைச்சனான். மற்றும்படி நான் ரெயினிலை ஒருத்தரோடையும் கதைக்கிறவன் இல்லை. கூச்சம். ஹோட்டல் சலவையிலை பத்தொன்பது வருசம், கூட வேலை செய்தவைக்கே என்ரை குரல் தெரியாது.

என்ன சொன்னனான்... ஓம், மலை. மாசிக் குளிருக்குத் தப்பி நாலு பேர் ஸ்பெயின்காரரின்ரை கனாரித் தீவுக்குப் போனனாங்கள். நான், என்ரை சிநேகிதன் சோதிலிங்கம், அவன்ரை மனுசி செல்வமலர், மற்றது ஸ்ரீதரன், இஞ்சை பஸ் ஓடுறவன். கடற்கரையிலை படுக்கத்தான் போனது. மூண்டாம் நாள் காலமை, முட்டை தின்னேக்கை சோதிலிங்கம் யன்னலாலை பாத்திட்டு, அந்த மலையிலை ஏறினால் என்ன எண்டான். அவ்வளவுதான். ஒன்பது பத்துக்குச் சொன்னது, ஒன்பது முப்பத்தஞ்சுக்கு வாடகைக் காருக்குள்ளை இருக்கிறம். ஒரு யோசனையுமில்லை. செல்வமலர் கலியாண வீட்டுச் செருப்போடை. எனக்கு அறுபத்திரண்டு வயசு, ஏலுமோ எண்டு ஆராவது கேட்டவையோ?

ஆனால் பிள்ளை... பொய் சொல்லக் கூடாது. அப்பிடிச் சிரிச்சு எத்தினை வருசம். ஸ்ரீதரன் முன்னுக்கு நடந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலையும் பஸ்ஸிலை அறிவிக்கிற மாதிரி, "அடுத்த தரிப்பு, கல்லு" எண்டுறான். அதுக்கடுத்த வளைவிலை, "அடுத்த தரிப்பு, பெரிய கல்லு." செல்வமலர் சிரிச்சுச் சிரிச்சு நிலத்திலை இருந்திட்டா. எங்களைப்போலை வெயில் தேடி வந்த நோர்வேக்காரர், எதிரிலை இறங்கி வந்தவை முழுப்பேரும் ஹை, ஹை எண்டு வணக்கம் சொல்லுதுகள். இஞ்சை ரெயினிலை முகம் பாக்காத சனம். நானும் திருப்பிச் சொன்னனான். இருபத்தாறு பேருக்கு. நம்புங்கோ.

உச்சியிலை போய்ப் பையைத் திறந்தால், தண்ணி குடிக்கிற பேணி நாலு கிடக்கு. தண்ணி இல்லை. ஒரு போத்தல் கூட இல்லை. வெயில் எண்டால் மண்டையைப் பிளக்குது, நாக்கு அண்ணத்திலை ஒட்டிப்போச்சு. எல்லாரும் ஸ்ரீதரனைப் பாக்கினம், பை கட்டினது அவன். "என்ரை கையாலை வச்சனான் அண்ணை, நாலு போத்தல்" எண்டான். சோதிலிங்கம் விட்டானோ. நீ சனத்தை ஏத்தாமல் வெறும் பஸ்ஸை ஓடிக்கொண்டு போற ஆள்தானே எண்டான்.

நல்ல காலம், அங்கை இருந்த ஒரு வயசுபோன நோர்வே மனுசி மூண்டு தோடம்பழம் தந்தது. உரிச்சுச் சுளை எண்ணினது நான். முப்பத்தொண்டு. ஆளுக்கு ஏழு, மிச்சம் மூண்டு. அந்த மூண்டையும் அண்ணைக்குக் குடுங்கோ, அவர் மூத்தவர் எண்டது ஆர்? ஸ்ரீதரன்.

இறங்கி வந்து பாத்தால் போத்தல் நாலும் காருக்குள்ளை, சீற்றுக்குக் கீழை. சோதிலிங்கம் விழுந்து விழுந்து சிரிச்சான். ஸ்ரீதரன் சிரிக்கேல்லை. பிறகு அவன் ஒரு தரிப்பும் அறிவிக்கேல்லை.

ஒஸ்லோ வந்து இண்டைக்கு ஆறாம் நாள். நேற்றுச் செல்வமலர் ரெலிபோனிலை சொல்லுறா, ஸ்ரீதரன் தனக்கு ஞாபகம் பிசகுது எண்டு இண்டைக்கு ஒன்பது மணிக்கு டொக்டரிட்டைப் போறானாம். அவன்ரை தேப்பனும் கடைசியிலை பிள்ளையளின்ரை பேரை மறந்தவராம். பஸ் லைசென்ஸைத் தானே கொண்டுபோய்க் குடுக்கப் போறானாம், பஸ்ஸாலை ஆரையும் அடிச்சுக் கொல்ல முதல். ஐம்பத்திமூண்டு வயசு, பிள்ளை.

என்ன கேட்டனீங்கள்? போத்தல் சீற்றுக்குக் கீழை எப்பிடிப் போனதெண்டோ?

அண்டைக்குப் பை காவுறது என்ரை முறை. நாலு போத்தல், ஒவ்வொண்டும் ஒண்டரை லீற்றர், ஆறு கிலோ. அவையள் சோதிலிங்கத்தின்ரை புது டிஜிட்டல் கமராவாலை படமெடுக்கப் போன நேரம் பாத்துத் தள்ளிவிட்டனான். நோர்வே மலையிலை ஆர் தண்ணி காவுறது, சொல்லுங்கோ. நூறு அடிக்கு ஒரு ஓடை. பேணியாலை அள்ளுறது, குடிக்கிறது. அங்கையும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன். பேணி நாலும் சரியோ எண்டு எண்ணிப்போட்டுத்தான் பையை மூடினனான்.

உச்சியிலையே சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லை. பிறகு அந்த மூண்டு சுளையையும் திண்டிட்டன். திண்ட பிறகு எப்பிடிச் சொல்லுறது?

ஸ்ரீதரன் இருக்கிறது ரொம்மனிலை. நான் விடிய ஆறரையிலை இருந்து இந்த ரெயினிலைதான். ரெண்டு தரம் ரொம்மன் வந்தது, ரெண்டு தரமும் கடைசி ஸ்டேசன் மட்டும் போய்த் திரும்பினனான். இப்ப எட்டு பன்னிரண்டு.

இதுதான் ரொம்மன்... உங்களுக்கும் இதுதானோ? போட்டு வாங்கோ பிள்ளை. நான் அடுத்த தரம்... ஏன் கதவுக்குள்ளை காலை வச்சுக்கொண்டு நிக்கிறியள்? இறங்குங்கோ. சனம் பாக்குது.

ஓம்... ஓம், எழும்பிறன். காலை எடுங்கோ பிள்ளை, கதவு நசுக்கிப்போடும். இறங்கிட்டன்.