முதல் பக்கத்துக்கு வந்த மூன்றாம் சந்துக் கடை

மன்றத்தின் நடுவே மாண்போடு வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! கடை திறந்த நாள் முதல் களைக்காமல் காலம் தள்ளிய மூத்தோர்களே! ஒரு கையில் தொழிலும் மறு கையில் குடும்பமும் பிடித்து இரண்டையும் சாயவிடாத தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றாலும் நகராமல் நிற்கும் நண்பர்களே! நான்கு முறை கத்திய ஒலிபெருக்கியை நல்வழிக்குக் கொண்டுவந்த ஒலியமைப்பாளரே! அனைவருக்கும் என் நெஞ்சில் ஊறி நாவில் நிறையும் வணக்கம்.

இணையத் தேடலில் நம் கடை முன்னுக்கு வருவது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. கணினி தெரிந்தவர் ஒருவரை அழைக்காமல், மேடையில் முழங்குவதையே தொழிலாகக் கொண்ட இவனை ஏன் அழைத்தார்கள் என்று இரண்டாம் வரிசையில் காதோடு காதாகப் பேசுவது எனக்கும் கேட்கிறது. நியாயமான கேள்விதான் ஐயா. ஒரு கடையைத் தேடலில் எப்படிப் பின்னுக்குத் தள்ளுவது என்பதில் என்னை மிஞ்சிய அனுபவசாலி இந்த அரங்கில் இல்லை. சொந்தத் தங்கையின் கடையையே தள்ளியவன் நான். பிறகு அது எழுந்து நடந்ததையும் அருகிலிருந்து பார்த்தவன். அந்தத் துணிச்சலில்தான் பேச வந்திருக்கிறேன்.

என் தங்கை வாஷிங் மெஷின் மெக்கானிக். அதோ, ஆறாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இவன் என்னத்தை உளறப் போகிறானோ என்று என்னையே முறைக்கிறாளே, அவள்தான். பக்கத்தில் சிரிப்பவர் அவள் கணவர், என் மாப்பிள்ளை. போன் எடுப்பது, வண்டி ஓட்டுவது, மெஷினை ஏற்றி இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. திருகாணியைக் கழற்றுவது தங்கையின் பொறுப்பு.

பதினோரு ஆண்டுகள் பெரிய தெருவில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவர்கள் கடை இருந்தது. போகிறவர் வருகிறவர் கண்ணில் படாமல் இருக்கவே முடியாது. சென்ற ஆண்டு அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மாற்றாகக் கிடைத்த இடம், பின்னால் மூன்றாம் சந்தில், கண்ணாடிக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே ஒரு குறுகிய அறை. பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டுமானால் அதற்கு நேர் கீழே வந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். நாளுக்கு எட்டு அழைப்பு வந்த கடைக்கு வாரத்துக்கு இரண்டு வந்தது. தங்கை உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆறு மாதத்தில் புதிய சர்வீஸ் சென்டர் திறக்கிறோம், தலைமை மெக்கானிக்காக வந்துவிடுங்கள், அதற்குள் பதில் சொன்னால் போதும் என்றார்கள். குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் தாய்மார்களே, பதினோரு ஆண்டுகள் தன் கடையின் ஷட்டரைத் தானே தூக்கிய கை, இன்னொருவர் திறந்த கதவுக்குள் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட எளிதில் நீளுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். அன்று இரவும் ஷட்டரைத் தானே இறக்கினாள். அந்த ஆறு மாதக் கெடு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று இந்த நிமிடம் வரை எனக்கும் தெரியாது.

தங்கை தவிக்கும்போது அண்ணன் சும்மா இருப்பானா? கடைக்கு ஓர் இணையதளம் போடலாம் மச்சான் என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. இல்லை, பொய் சொல்லக் கூடாது, நானே போய்த் தலையைக் கொடுத்தேன். இருபது ஆண்டு மேடை கண்ட நாவல்லவா? இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வராமல் எழுதினேன்.

அந்தப் பக்கம் எப்படித் தொடங்கியது தெரியுமா? "இல்லத்தின் விளக்காய் இலங்கும் தாய்மார்களே! பண்பின் உறைவிடமாய்ப் பொலியும் பெருமக்களே!" வணக்கம் மட்டும் பதினான்கு வரி. முன் வரிசையில் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன். அதற்குப் பிறகு, "துகில் துலக்கும் பொறிகளின் துயர் துடைக்கும் தூய பணி" என்று ஒரு தலைப்பு. அதற்கு மேலே, ஒலிவாங்கிக்கு முன்னால் நான் கையை உயர்த்தி நிற்கும் ஒரு பிரம்மாண்டமான படம். அந்தப் படம் போனில் முழுதாகத் திறந்து முடிவதற்குள் ஒருவர் காபி போட்டுக் குடித்துவிடலாம். வாஷிங் மெஷின் என்ற இரண்டு சொற்கள் மட்டும் அந்தப் பக்கத்தில் தேடினாலும் கிடைக்காது.

மூன்று மாதம் ஓடியது. மாப்பிள்ளை பக்கம் பக்கமாகத் தள்ளித் தள்ளித் தேடி, நம் கடை எண்பத்தேழாவது இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். தேடுபொறிக்குத் தமிழ்ச் சுவை தெரியவில்லை என்றேன் நான். தங்கை கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, உன் வீட்டு மெஷின்ல இருந்து தண்ணி கொட்டி அடுப்படி வரைக்கும் ஓடுது. உடனே போனை எடுத்துத் தேடுற. என்னன்னு அடிப்ப?"

அடித்துக் காட்டினேன். என் விரல் என்ன அடித்தது? துகில் துலக்கும் பொறி துயருறுகிறது என்றா அடித்தது? "வாஷிங் மெஷின் தண்ணி லீக்" என்றுதான் அடித்தது. அவள் திரும்பிப் போய் ஸ்பானரை எடுத்துக்கொண்டாள். நான் அசடு வழிந்தேன்.

அப்போதுதான் பழைய கடையிலிருந்து கொண்டுவந்த அலமாரியின் திறந்த கதவு என் கண்ணில் பட்டது. என் தங்கையிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷின் வந்தாலும், வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே ஒரு காகித டேப்பில் எழுதி மெஷினின் மூடியில் ஒட்டுவாள். பாகத்தின் பெயரை எழுத மாட்டாள். பம்ப் போய்விட்டது என்று முதலிலேயே எழுதிவிட்டால் கை பம்பைத்தான் கழற்றும், கோளாறு வேறு இடத்தில் இருக்கும் என்பாள். வேலை முடிந்ததும் டேப்பை உரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவாள். பதினோரு ஆண்டு டேப்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. தண்ணி வெளியே போகல. சுத்தும்போது நகர்ந்து நகர்ந்து கதவுகிட்ட வந்துடுது. கருகின வாசனை. மூடி திறக்க மாட்டேங்குது, உள்ள பள்ளிக்கூட யூனிஃபார்ம் இருக்கு.

நண்பர்களே, கதவு முழுக்க நான் தேடிக்கொண்டிருந்த சொற்கள். எந்த நிபுணர் எழுதிக் கொடுத்தவை அவை? எந்தப் புலவர் புனைந்தவை? தரையில் தண்ணீர் தேங்கி, தலையில் கை வைத்து நின்ற மனிதர்கள் தவித்துச் சொன்னவை. தவித்தவர் சொன்ன சொல்லைத்தான் தவிப்பவர் தேடுவார். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

பதினான்கு வரி வணக்கம் போனது. துகில் போனது, பொறி போனது. என் படம் போனது. அதைத் தூக்கிய நாளில் மாப்பிள்ளை முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. பக்கம் படக்கென்று திறந்தது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் டேப்பில் இருந்த வார்த்தையே தலைப்பு. தங்கை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தண்ணீர் வெளியே போகவில்லையா? முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். கீழே ஓரத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், பழைய துணியை வைத்துக்கொண்டு மெதுவாகத் திறவுங்கள். ஹேர்பின்னோ பொத்தானோ மாட்டியிருக்கும். எடுத்துவிட்டால் சரியாகிவிடும், எங்களைக் கூப்பிட வேண்டாம்.

கூப்பிட வேண்டாமா? நானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். இருக்கிற இரண்டு அழைப்பையும் விரட்டுகிறாயே என்று கேட்டோம்.

"பொத்தானை எடுக்குறதுக்கு நான் எதுக்கு? அவங்களே எடுத்துக்கட்டும். எடுத்தும் ஓடலைன்னா, அப்ப யார் ஞாபகம் வரும்?" என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. நம் பக்கத்துக்கு வந்தவர்கள் பாதியில் ஓடாமல் கடைசி வரி வரை படித்தார்கள். ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தார் தங்கள் தளத்தில், மெஷின் மக்கர் செய்தால் முதலில் இதைப் படியுங்கள் என்று நம் பக்கத்துக்கு வழி காட்டினார்கள். கேட்டு வாங்கியதல்ல அது. இன்னொருவர் மனமுவந்து நம் பக்கம் கை காட்டினால் தேடுபொறி அதை மதிக்கிறது.

இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். பழைய முகவரி இணையத்தில் ஐந்தாறு இடங்களில் அப்படியே கிடந்தது. ஓர் ஆசிரியை போனில் வழி பார்த்து வந்து, இடித்த கட்டடத்தின் செங்கல் குவியலுக்கு முன் நின்றுகொண்டு, கடை எங்கே என்று கேட்டார். அன்றே ஒவ்வோர் இடமாகத் தேடி, ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே எண் என்று மாற்றினோம். இங்கே கடை மாற்றியவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். இணையத்திலும் முகவரியை மாற்றியவர்கள்? ஏன் இத்தனை கை இறங்கிவிட்டது?

ஒரு வாரத்தில் முதலிடம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். நாற்பது பேர் புகழ்ந்து எழுதியதாக அவரே எழுதிப் போடுவாராம். கெடு நெருங்குகிறது, எனக்குச் சபலம் தட்டியது. ஒத்துக்கொள்ளலாமே என்று தங்கையிடம் மெல்ல இழுத்தேன்.

"நான் தொடாத மெஷினை நல்லா ரிப்பேர் பண்ணேன்னு எழுதச் சொல்றியா? போய் அந்த ஆளுக்கு வழி காட்டு."

வழி காட்டினேன், வாசலுக்கு. அதற்குப் பதிலாக, வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டிலும், நடந்ததை உள்ளபடி நாலு வரி எழுதுங்கள் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். ஒரு தாத்தா, வேலை நன்று, ஆனால் ஒரு நாள் தாமதம் என்று எழுதிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. தங்கையோ அதன் கீழேயே, ஆமாம் ஐயா, தாமதம் எங்கள் தவறு என்று பதில் எழுதினாள். அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டோம் என்று பிறகு மூன்று வீட்டார் சொன்னார்கள்.

எண்பத்தேழில் இருந்த கடை ஒரு மாதம் அசையவே இல்லை. பிறகு நாற்பது. பிறகு பத்தொன்பது. போன வாரம் முதல் பக்கத்தில் மூன்றாவது இடம். நாளுக்கு ஏழு அழைப்பு வருகிறது. அடுத்த மாதம் இது இறங்கவும் கூடும், ஏறவும் கூடும். இறங்காது என்று உங்களிடம் சத்தியம் செய்ய மாட்டேன். செய்கிறவரை நம்பவும் வேண்டாம்.

ஆனால் ஒன்றை உரக்கச் சொல்வேன். தேடுகிறவர் யார்? மந்திரமா? மாயமா? எங்கோ சுழலும் எந்திரமா? மனிதர், தோழர்களே, மனிதர்! பூட்டு உடைந்து வாசலில் நிற்பவர் தேடுகிறார். மூக்குக்கண்ணாடி கீறிக் கண் கூசுபவர் தேடுகிறார். திருமணத்துக்கு நான்கு நாள் இருக்க மணமகள் தையல்காரரைத் தேடுகிறார். உங்கள் பெருமையைக் கேட்க அவர் வரவில்லை, தன் துன்பம் தீர வருகிறார். அவர் சொல்லில் எழுதுங்கள், அவருக்கு உண்மையை எழுதுங்கள், அவர் காத்திருக்காதபடி எழுதுங்கள். பெரிய தெருவில் இடம் இல்லாமல் போகலாம், தேடுகிறவர் கண்ணில் இடம் உண்டு, அதை உழைத்துப் பிடிக்க உங்களால் முடியும், முடியும், முடியும்!

கைதட்டலுக்கு நன்றி. கொஞ்சம் பொறுங்கள். ஆறாவது வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது. என் தங்கை எப்போது எழுந்து போனாள்? மாப்பிள்ளையும் இல்லையே. செயலாளர் ஒரு துண்டுச்சீட்டை நீட்டுகிறார். நேரம் முடிந்தது என்பதை நாகரிகமாகச் சொல்கிறீர்கள், புரிகிறது ஐயா. இல்லையா? இது தலைவர் கொடுத்தது இல்லையா?

என் தங்கையின் கையெழுத்து. படிக்கிறேன்.

"அண்ணா, அவங்களுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன். கடையில ரெண்டு மெஷின் வந்து இறங்கியிருக்கு, தூக்க ஆள் பத்தல. பேச்சைச் சீக்கிரம் முடிச்சுட்டு வா."

மன்னியுங்கள். இருபது ஆண்டு மேடையில் நான் பேச்சைப் பாதியில் நிறுத்தியதில்லை. இன்று நிறுத்துகிறேன், எனக்கு வெட்கமில்லை. நன்றியுரைக்கு நாற்பது வரி எழுதி வைத்திருந்தேன், அதைச் செயலாளரிடமே கொடுத்துவிடுகிறேன். தலைவருக்கும், தாய்மார்களுக்கும், நின்றுகொண்டே கேட்ட நண்பர்களுக்கும் நன்றி, வணக்கம். வழி விடுங்கள், மெஷின் தூக்கப் போக வேண்டும்.