மணிக்கட்டில் கட்டிய குச்சி

— முன்வாசல் வழியாவே வந்திருக்கலாம் தாமோ. ஊரு பாத்துரும்னுதானே பின்பக்கமா நுழைஞ்ச?

— அப்படியெல்லாம் இல்லக்கா. பின்கதவு திறந்து கிடந்துச்சு, அதான்.

— திறந்துதான் போட்டிருக்கேன். ஏன்னு கேக்காத. உக்காரு. பாத்து, அந்த முக்காலில கரி இருக்கு, வெள்ளை அங்கியில ஒட்டிக்கப் போகுது. தலையில பூமாலை வேற. கல்யாண வீட்டுக்குப் போறவ மாதிரி இருக்க.

— நானாவா கட்டுனேன் செனிப்பாக்கா? சண்டையில செத்த பிள்ளைங்களோட அம்மாமாரெல்லாம் நல்ல துணி உடுத்தி, சிரிச்ச முகமா சந்தைக்கு வரணும்னு பெரியவங்க உத்தரவு. எந்த வீட்டுலயும் அழுற சத்தம் கேக்கக் கூடாதாம்.

— ஓடிப்போனவனோட அம்மா எப்படி இருக்கணும்னு உத்தரவு போட்டாங்களா?

— அதுக்கு உத்தரவு எதுக்குக்கா...

— அதானே. அது எனக்கே தெரியும். அடுப்பு அணைஞ்சு போச்சுன்னு நாலு வீட்டுக்கு ஆள் அனுப்புனேன். ஸ்பார்ட்டாவுல எனக்கு ஒரு கங்கு நெருப்பு குடுக்க ஆளில்ல. கட்டையைக் கடைஞ்சு நானே பத்தவச்சேன். பாரு, உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

— என்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.

— உன்கிட்டக் கேக்க எனக்கு ஏதுடி மூஞ்சி? உன் பிள்ளை தெல்லிஸ் போர்க்களத்துல செத்து மண்ணுக்குள்ள கிடக்கான். என் லீகாஸ் கேடயத்தைப் போட்டுட்டு ஓடிட்டான். ஏழு வயசுல இருந்து ஒரே பாசறையில வளந்ததுங்க. ஒரே வரிசையில தோளோட தோளா நின்னதுங்க.

— ஓடுனதை யாராவது கண்ணால பாத்தாங்களாக்கா?

— என்னத்தப் பாக்கணும்? திரும்பி வந்தவங்கள்ல அவன் இல்ல. செத்தவங்க மணிக்கட்டுல அவன் பேரு எழுதுன குச்சியும் இல்ல. நடுவுல வேற என்ன இருக்கு, ஓட்டந்தானே?

— அந்தக் குச்சியை வச்சு மட்டும்தான் சொன்னாங்க, இல்ல?

— வேற எதை வச்சுச் சொல்லுவாங்க? சண்டைக்கு முந்தி ஆளாளுக்குப் பேரை எழுதி இடது கையில கட்டிக்கிறது அதுக்குத்தானே. ஜெயிச்ச தீப்ஸ்காரன் பிணத்தைக் குடுக்கிறதுக்குள்ள வெயில்ல கிடந்து ஒரு முகமும் முகமா இல்லையாம். உன் பிள்ளையையும் குச்சியைப் பாத்துத்தானே சொன்னாங்க.

— ஆமாக்கா. குச்சியைப் பாத்துத்தான்.

— எதுக்கு அடுப்பையே பாத்துக்கிட்டிருக்க?

— கஞ்சி ரெண்டு ஆளுக்கு வேகுதே.

— பாத்துட்டியா. சரி, உன்கிட்ட மறைச்சு என்னத்த ஆகப்போகுது. நான் வெக்கங்கெட்டவ. அவன் இருட்டுனப்புறம் ஒளிஞ்சு ஒளிஞ்சு வருவான்னு தினமும் வைக்கிறேன். விடிஞ்சதும் நாய்க்கு ஊத்துறேன். ஊருக்கு முன்னால அவன் கையில கேடயத்தைக் குடுத்து, வீரமா நாலு வார்த்தை பேசுனவளும் நான்தான்.

— எல்லாரும்தான் பேசுனோம்.

— அவன் ஓடிட்டான்னு சொன்னாங்க பாரு, அப்ப எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. ஊரு காறித் துப்புறதைத் தாங்கிக்குவேன் தாமோ. அந்த அப்பாடாவைத்தான் தாங்க முடியல. உன் முன்னால அதைச் சொல்றேன் பாரு.

— அக்கா. அந்தக் கஞ்சியை இறக்கிரு.

— ஏன்?

— தெல்லிஸ் என் வீட்டு வைக்கோல் கொட்டகையில இருக்கான்.

— பிணத்தையா தூக்கிட்டு வந்திருக்காங்க? அங்கேயே புதைச்சுட்டதாச் சொன்னாங்களே.

— பிணம் இல்லக்கா. சோறு கேக்குறான்.

— என்னத்த உளர்ற?

— ஓடுனவன் என் பிள்ளைக்கா. லீகாஸ் விழுந்திருக்கான், வரிசை உடைஞ்சிருக்கு, இவன் அவன் கையில இருந்த குச்சியை அவுத்துட்டுத் தன்னோடதைக் கட்டிட்டு ஓடியிருக்கான். நீ தலை நிமிந்து நடக்கணும்னுதாம்மா செஞ்சேங்கிறான். நான் நடந்தேன்கா. கொட்டகையில அவன் படுத்திருக்கான்னு தெரிஞ்சே, இந்த மாலையைப் போட்டுக்கிட்டு, உன் வாசலைத் தாண்டித்தான் சந்தைக்குப் போனேன். திரும்பிக்கூடப் பாக்கல.

— கஞ்சியை இறக்கிட்டேன்.

— என்னைத் திட்டுக்கா. அடி. ரெண்டு அடி அடிச்சிரு.

— காயம் முன்பக்கமா, முதுகுலயா?

— முன்பக்கம். ஈட்டி. இடப்பக்கம் நிக்கிறவனைத்தானே கேடயம் மறைக்கும்? அவனுக்கு இடப்பக்கம் நின்னது தெல்லிஸ். விழுறப்பவும் கேடயத்தைத் தெல்லிஸ் மேல இருந்து எடுக்கலையாம்.

— சின்னதுலயும் அப்படித்தான். அத்திப்பழம் இருந்தா தெல்லிஸுக்குக் குடுத்துட்டு லீகாஸ் வாயைப் பாத்துக்கிட்டு நிப்பான். அந்தக் குச்சி எங்க?

— இந்தா. இடுப்புல சொருகியிருந்தேன்.

— அவன் எழுத்துதான். கோணல் மாணலா.

— நான் இப்பவே பெரியவங்ககிட்டப் போறேன்கா. இந்த மாலையைக் கழட்டி உன் தலையில வைக்கச் சொல்றேன். நாளைக்கு ஊரு முழுக்க உன் வாசலுக்கு வரும்.

— வந்து?

— வாழ்த்துவாங்க. நெருப்பு குடுக்காதவங்களே முதல்ல வருவாங்க.

— நான் என்ன செய்யணும்?

— நீ... சிரிச்சுக்கிட்டு நிக்கணும்.

— தாமோ, மாலை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. நேரா வச்சுக்க. கஞ்சியை அப்படியே எடுத்துட்டுப் போ, அவன் குடிக்கட்டும். கப்பல் எதுலயாவது ஏத்தி அனுப்பிரு.

— லீகாஸ் பேரு இப்படிக் கெட்டுக் கிடக்கேக்கா.

— அவன் பேரை நானே போய் மீட்டுக்குவேன். இப்ப வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்.

— அதுவரைக்கும் உன்னைக் காறித் துப்புவாங்களே.

— துப்பட்டும். போறப்ப பின்கதவைச் சாத்திட்டுப் போ, இனி திறந்து வைக்க வேண்டியதில்ல. ஓடிப்போனவன் வீட்டுக்குன்னா எவளும் எட்டிப் பாக்க மாட்டா. இந்த ஊர்ல ஒருத்தி வாய்விட்டு அழுறதுக்கு மிஞ்சியிருக்கிற வீடு இது ஒண்ணுதான்.