டொக்டர் சிரித்த நாள்

"டொக்டர் இண்டைக்குச் சிரிச்சவர் ராத்தா. எனக்குப் பயமாக் கிடக்கு."

கிண்ணியா பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன்.

"சிரிச்சா நல்லந்தானே புள்ள?" என்றார் அவள் பக்கத்தில் இருந்த மூத்த பெண்.

"ரெண்டு வருஷமா எரிஞ்சு விழுந்த மனிசன், இண்டைக்குத் தானே எழும்பி நான் இருக்கக் கதிரை இழுத்துப் போட்டார். முந்தின டொக்டரும் வெளிநாட்டு விசா கிடைச்ச கிழமை இப்படித்தான் சிரிச்சிட்டுப் போனவர்."

"விசாவா எண்டு கேட்டியா?"

"கேட்டன். இன்னும் வடிவாச் சிரிச்சார்."

"அப்ப உன்ட கல்லு ஒப்பரேசன்?"

"அடுத்த மாசமாம். இவர் போனா ஆர் செய்யிற?"

சற்று யோசித்தவள் எழுந்து மணியடித்தாள்.

"நான் திரும்பப் போறன் ராத்தா. இந்தக் கிழமையே செய்யச் சொல்லிக் கேக்கப்போறன். சந்தோசமா இருக்கக்குள்ள கேட்டாத்தான் ஓமெண்டுவார்."