அஜித்தின் கணக்கைத் திறந்தது யார் என்பது குறித்து

என் பெயர் விஜயராகவன், வயது நாற்பத்தாறு, தகப்பனார் பெயர் கலியபெருமாள். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் குடும்பத்துடன் குடியிருந்து வருகிறேன். நெல்லித்தோப்பில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். என் மீது இதுவரை எந்த வழக்கும் இல்லை. என் கடையில் திருட்டு மென்பொருள் போட்டுக் கொடுப்பதும் இல்லை. அப்படிக் கேட்டு வருகிறவர்களைப் படியேற விடமாட்டேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

இந்த வழக்கில் புகார் கொடுத்திருக்கும் சுவேதாவை அவர் கணவர் அஜித் மூலமாக எனக்குத் தெரியும். அஜித் தேங்காய்த்திட்டைச் சேர்ந்த மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போகாமல், தவளக்குப்பத்தில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுத் தரும் சென்டர் ஒன்றை மனைவியோடு சேர்ந்து நடத்திவந்தார். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு முறையான லைசென்ஸ் வேண்டும் என்று தானாகக் கேட்டு என்னிடம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சென்ற ஐப்பசியில் அவருடைய தம்பி நாகராஜின் பைபர் படகுக்கு ஆள் குறைந்ததால், அஜித் ஒரு நாள் மட்டும் துணைக்குப் போயிருக்கிறார். அதன் பிறகு திரும்பி வரும் வழியில் முகத்துவாரத்தில் அலை தூக்கிப் படகு கவிழ்ந்து, நாகராஜ் மட்டும் கரை ஒதுங்கினார். அஜித்தின் உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால் சுவேதா காரியம் செய்ய ஒத்துக்கொள்ளவில்லை என்றும், பொட்டும் தாலியுமாகவே இருக்கிறார் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகலில் சுவேதா ஆட்டோவில் சென்டரின் பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். திறந்து பார்த்ததில் உப்புக்காற்று பட்டு மதர்போர்டு பச்சை பூத்துக் கிடந்தது. இனி அது ஓடாது என்று சொன்னேன். அவர் என்னிடமே புதிய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதில் இருக்கும் லைசென்ஸைப் புதியதற்கு மாற்றித் தரச் சொன்னார். புதிய லைசென்ஸே போட்டுவிடலாம் என்று சொன்னதற்கு, "அவரு ஆசையா வாங்கனது அண்ணே, அதுதான் இதுல ஓடணும்" என்றார்.

லைசென்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று மிஷினோடு பிறந்து மிஷினோடு போவது. மற்றது தனியாக வாங்குவது, அதை வேறு மிஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மிஷினில்தான் இருக்க முடியும். பழையது இனிப் பயன்பாட்டில் இல்லை என்று உறுதி கொடுத்து, அதிலிருந்து விடுவித்த பிறகே புதியதில் ஏறும். அஜித் வாங்கியது இரண்டாவது வகை. அது அவருடைய சொந்த ஆன்லைன் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்ததால் அந்தக் கணக்கைத் திறந்தால்தான் மாற்ற முடியும். சுவேதாவுக்கு அதன் பாஸ்வேர்ட் தெரியாது. பாஸ்வேர்ட் இல்லாவிட்டால் கணக்குக்காரரின் போனுக்கு ஒரு கேள்வி போகும். உள்ளே வர முயல்வது நீங்கள்தானா என்று அது கேட்கும். போனில் 'ஆம்' என்று அமுக்கினால் இங்கே திறந்துவிடும்.

அஜித்தின் போன் அவரோடு கடலில் போய்விட்டது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். இருந்தாலும் நான் சொல்லி சுவேதா நம்பமாட்டார் என்பதால், நடக்காது என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்துத்தான் கேள்வியை அனுப்பினேன். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை. திரையில் 'காத்திருக்கிறோம்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. டீ சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டு நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கணக்கு திறந்துவிட்டது. சுவேதாவும் அஜித்தும் எடுத்துக்கொண்ட படம் திரையின் மூலையில் வந்து நின்றது.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சுவேதா கத்தவில்லை, அழவும் இல்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார், கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். அதன் பிறகு, "பாத்தியாண்ணே, இருக்காரு. எனக்குத் தெரியும்" என்றார். அதோடு எழுந்து வெளியே போய்விட்டார். லைசென்ஸ் மாற்றும் வேலை பாதியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் கணக்கும் தானாகவே மூடிக்கொண்டது.

சுவேதா நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, கணவர் உயிரோடு இருப்பதாகவும் அவர் வீட்டார் மறைத்து வைத்திருப்பதாகவும் புகார் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு தலைமைக் காவலர் நிர்மலாதேவி என் கடைக்கு வந்து விசாரித்தார். கேள்வி அனுப்பிய கம்பெனிக்குத்தான் ஏதோ கோளாறு என்று முதலில் வாதாடினேன். அப்படிச் சொன்னது பயத்தில் சொன்னது. அந்தக் கேள்விக்கு ஒரு கை பதில் சொல்லாமல் கணக்கு திறக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு நாள் கடலில் கிடந்த போன் பேசாது என்பதும் தெரியும்.

அதன் பிறகு தலைமைக் காவலர், சுவேதா, நான் மூவரும் தேங்காய்த்திட்டில் நாகராஜ் வீட்டுக்கு ஜீப்பில் போனோம். சுவேதா வழியெல்லாம் வாசலையே பார்ப்பவர் போல முன்னால் எட்டி உட்கார்ந்திருந்தார். வீட்டில் மாமியார் முத்தம்மாள் மீன் விற்கப் போயிருந்தார். நாகராஜ் மட்டும் இருந்தார். சுவேதா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார், தோட்டத்துப் பக்கமும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது நாகராஜ் அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு போனை எடுத்துக் கையில் வைத்திருந்தார். அஜித்தின் போன். சார்ஜ் முழுதாக இருந்தது.

தலைமைக் காவலர் கேட்டதற்கு நாகராஜ் சொன்னதாவது: முகத்துவாரம் நெருங்கும்போது படகில் இருப்பவர்களின் போன்களை எல்லாம் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி வைப்பது அவர்கள் வழக்கமாம். அன்றும் இருவர் போனையும் அஜித்தான் உள்ளே போட்டு மூடியிருக்கிறார். படகு கவிழ்ந்ததும் அந்த டப்பா மிதந்தது. அது அஜித் கைக்கு எட்டியது. "அண்ணன் அத எம்பக்கம் தள்ளி வுட்டுச்சு. அது ஒருத்தனத்தான் தாங்கும் அண்ணி. நான் புடிச்சிக்கினேன்" என்றார். கரைக்கு வந்த பிறகு, போன் பிழைத்தது எப்படி என்று கேட்டால் தான் பிழைத்தது எப்படி என்றும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்து, இரண்டு போனும் கடலோடு போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

போனில் சிம் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அண்ணி தெனமும் அந்த நம்பருக்குப் போடும். அடிச்சா எடுக்கணும். எடுத்து இன்னா சொல்றது? அதான் கழட்டிட்டேன்" என்றார். சிம் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபையில் போன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை கேள்வி வந்ததும், சுவேதா சென்டரைத் திறக்கப் பார்க்கிறார் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. "அதுக்காவது ஒதவுவோம்னு அமுத்திட்டேன். அண்ணன்னு நெனச்சிக்கும்னு எனக்குத் தோணவே இல்ல" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

சுவேதா அவரை அடிப்பார் என்று நினைத்தேன். தலைமைக் காவலரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், இருவருக்கும் நடுவில் போய் நின்றார். சுவேதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தள்ளி வுடும்போது எதனா சொன்னாரா?" நாகராஜ், "நீ புடிடான்னுச்சு. அவ்ளோதான் அண்ணி" என்றார். சுவேதா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒருவருக்கு உண்மையைக் காட்டுகிறேன் என்று இப்படி ஒரு விளையாட்டு விளையாடியிருக்க வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

அதன் பிறகு தலைமைக் காவலர் போனைக் கைப்பற்றினார். சுவேதா எழுந்து என்னிடம், மிச்ச வேலைக்கு மறுபடியும் கேள்வி வருமா என்று கேட்டார். வரும் என்றேன். அவர் நாகராஜைப் பார்த்து, "வந்தா நீயே அமுத்து" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இன்று இந்தக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்னிலையில் ஆஜரானேன். சிம் இல்லாத போனுக்குக் கேள்வி எப்படி வரும் என்று செய்து காட்டும்படி அவர் கேட்டார். நான் என் போனிலிருந்து அஜித்தின் போனுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுத்துவிட்டு, தவளக்குப்பம் சென்டரில் நான் கொண்டுபோய் வைத்திருந்த புதிய கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சுவேதாவைப் போனில் அழைத்து, செய்ய வேண்டியதைச் சொன்னேன். மேசை மேல் இருந்த போன் ஒளிர்ந்தது. உதவி ஆய்வாளர் அமுக்கக் கை நீட்டினார். நாகராஜ்தான் அமுக்க வேண்டும் என்று சுவேதா அன்று சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டு, விசாரணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாகராஜை உள்ளே அழைத்தார். நாகராஜ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து அமுக்கினார்.

சுவேதா போனை வைக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் இனிப் பயன்பாட்டில் இல்லை என்று உறுதி கேட்கிறது, கொடுக்கட்டுமா என்று கேட்டார். கொடுங்கள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. பிறகு அவரே, "குடுத்துட்டேன் அண்ணே" என்றார்.

நான் சொன்னவை சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. இவை யாவும் நடந்தவை. எதையும் கூட்டவோ மறைக்கவோ இல்லை.

(ஒப்பம்) க. விஜயராகவன்