றாஹிலாவின் வீட்டை வாடகைக்கு விட்ட விதம்

வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர் முதலில் கிணற்றைப் பார்க்க வேண்டும், மரைக்கார். சுனாமிக்குப் பிறகு கல்முனையில் எத்தனையோ கிணறுகள் உப்பாகிவிட்டன. அந்த வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அதைக் குடித்துப் பார்த்த அன்றே சாவி கேட்டார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற நீங்கள் கூப்பிட்டுக் கேட்பதால் மறைக்காமல் சொல்கிறேன். அது என் தங்கை றாஹிலாவின் சீதன வீடு. நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. சவூதியில் ஏழு வருடம் வெயிலில் காய்ந்து நான் கட்டிய வீட்டில் ஒரு ஜன்னல்கூட எனக்குச் சொந்தமில்லை. அதற்காக நான் யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை றாஹிலா குடும்பத்தோடு கடற்கரையில் மச்சானின் உம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். றாஹிலாவையும் மச்சானையும் என் கையாலேயே அடக்கம் செய்தேன். அன்று நிறைய அழுதேன். அவர்களின் ஆறு வயது மகள் றுஸ்னாவை மட்டும் காணவில்லை.

நான்காம் நாள் தூரத்துச் சிங்கள ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளைக் கண்டேன். காலில் கட்டு. என்னைக் கண்டதும் "மாமா" என்று கையை நீட்டினாள்.

"உங்கட பிள்ளையா?" என்று தாதி கேட்டாள்.

"இல்ல மிஸ். சின்னப் புள்ளயள் எல்லாரையும் அப்பிடித்தானே கூப்பிடும்."

பிள்ளை இருந்தால் வீடு அவளுக்கு. அவளை வளர்க்கிறவன் வெறும் காவல்காரன். இன்னொரு முறை அடுத்தவர் வீட்டுக்காக உழைக்க என்னால் முடியாது என்று தோன்றியது. பிள்ளைமேல் கோபம் எதுவும் இல்லை. அவளை அந்த ஊர்ச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

யுத்தம் முடிந்த வருடம், குடியிருந்தவர்கள் போய் நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது, இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா அவளைக் கூட்டிவந்தார். சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்ததில் பிள்ளைக்குத் தமிழ் மறந்துவிட்டிருந்தது. ஆனால் யாரையும் கேட்காமல் நேரே குசினிக்குப் போய், உம்மா உட்கார்ந்து மீன் வெட்டும் மூலையில் குந்திக்கொண்டாள்.

"இவள் சொல்ற வீடு இதுதானோ?" என்றார் அந்த அம்மா.

"எல்லா வீடும் ஒரே மாதிரித்தானே. என்ட தங்கச்சிட புள்ள சுனாமியில மௌத்தாகிட்டு" என்றேன். தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

ஓம், இரண்டு தடவையும் அவள்தான் என்று தெரிந்தே சொன்னேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் குறை வைத்ததாக மட்டும் ஊர் பேசக் கூடாது. வருடா வருடம் மௌத்தானவர்களுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதும்போது, றுஸ்னாவின் பேரையும் சேர்த்துத்தான் ஓதுவிக்கிறேன்.